களை பிடுங்கும் முன்

ஐம்பதுகளில் பீர்மேட்டு எஸ்டேட் பள்ளியில் நான் ஆசிரியர். தேயிலை பேக்டரி கிளார்க்கின் தாயாரிடம் ஒருநாள் ரோஜாக் கம்பு கேட்கப் போனேன். அந்த அம்மாளின் தோட்டத்துக்கு மலை முழுக்கப் பேர்.

மகனுடைய பழைய கம்பளிக் கோட்டைச் சேலைமேல் மாட்டிக்கொண்டு பாத்தி ஓரம் உட்கார்ந்திருந்தார். மடியில் தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்று, கையில் தூரிகை. நகக்கண்ணில் இருந்தது மண்ணா, சாயமா, சொல்ல முடியாது. ஆளுயரத்துக்கு ரோஜா பூத்து நிற்க, அவரோ தரையோடு கிடந்த புளியாரையை இலை இலையாக வரைந்துகொண்டிருந்தார்.

"போயும் போயும் களையையா அம்மா வரையறீங்க?" என்றேன்.

"இருங்க சார், இதப் பிடுங்கணும்" என்றார் நிமிராமல். "ரோசாவ எல்லாரும் பாக்காங்க. இது நம்ம கையாலல்லா சாவுது. அதுக்கு முன்னால ஒருத்தராவது உக்காந்து பாக்காண்டாமா?"

வரைந்து முடித்ததும் சிறிதும் தயங்காமல் வேரோடு பிடுங்கி எறிந்தார். எனக்குக் கம்போடு ஓர் அதட்டலும் கிடைத்தது: "நட்டுட்டு லீவுக்கு ஊருக்குப் போயிராதீங்க!"

மறு வருஷம் அவர் காலமானார். சில மாதம் கழித்து அந்த வீட்டுக்குப் போனேன். உள்ளே சுவரெல்லாம் களைப் படங்கள். வெளியே இடுப்பளவு களை. ரோஜா இருந்த இடமே தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அம்மா வளர்த்த தோட்டம். ஆள் வைத்தாவது பிடுங்கக் கூடாதா?"

மகன் சுவரிலிருந்த படங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"பிடுங்கலாம் சார். எங்க வீட்டுல யாருக்கும் படம் வரையத் தெரியாதே."