மாப்பிள்ளைப் பருவம்

"வாங்க மாப்பிள்ளை, வெக்கப்படாம காலை அகட்டுங்க" என்று கொஞ்சியபடியே பழந்தின்னி வௌவாலைத் துண்டில் சுருட்டி மடியில் மல்லாத்துகிறாள் அக்கா. ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான், அவளைவிடப் பத்து வயது மூத்த காவலாளி உட்பட.

மாதம் ஒருமுறை ஆண் வௌவால்களின் விதைகளை அளப்பது பதினெட்டு வருடமாக அவள் வேலை. இணைசேரும் பருவம் நெருங்கினால் அவை நெல்லிக்காயாகப் பருக்கும். முடிந்ததும் மொச்சைக்கொட்டையாகச் சுருங்கிவிடும். பருத்திருந்தால் மாப்பிள்ளை, சுருங்கியிருந்தால் சாமியார். வெளியில் யாராவது வேலையைக் கேட்டால் "அளவு எடுக்கிறேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். நாத்தனார் தையல் வேலை என்றே நம்பி ஒருமுறை துணியோடு வந்து நின்றாள்.

இந்த மாதம்தான் வம்பு வந்தது. புதிதாகப் பொறுப்பேற்ற டாக்டர், பனி விலகாத விடியலில் வலையிலிருந்து எடுத்த கையோடு எட்டு வௌவால்களைத் தானே அளந்தார். எட்டும் மொச்சை. அக்காவின் நோட்டுகளிலோ வருடா வருடம் இதே மாதத்தில் நெல்லிக்காய். உட்கார்ந்த இடத்தில் இட்டுக்கட்டிய எண்கள் என்று முடிவுகட்டி, பதினெட்டு வருட நோட்டுகளையும் தள்ளிவிடச் சொல்லிக் கடிதம் அடித்துவிட்டார்.

அக்கா கடிதத்தைப் படித்தாள். ஆனாலும் சண்டைக்குப் போகவில்லை. அவர் அளந்த வௌவால் ஒன்றைத் துணிப்பையோடு எடுத்துத் தன் கோட்டுக்குள் விட்டுப் பொத்தான் போட்டாள். வீடு கிடைத்துவிட்டதா, குழந்தைக்குப் பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறதா என்று கால் மணி நேரம் அவரையே விசாரித்தாள். பைக்குள் நடுக்கம் அடங்கியது.

"குளிர்ந்தாலும் பயந்தாலும் உள்ள இழுத்துக்குவான், சார். ஆம்பளைதானே."

அளவுகோலை அவர் கையிலேயே கொடுத்தாள். அளந்தார். நம்பாமல் மறுபடி அளந்தார். அசல் நெல்லிக்காய். காது சிவந்துபோய், கடிதத்தையும் தன் அளவுத்தாளையும் சேர்த்துக் கிழிக்கப் போனார்.

"கடுதாசியைக் கிழிங்க. தாளைக் கிழிக்காதீங்க, சார். அதுவும் அளவுதான். குளிர்ல எடுத்ததுன்னு ஓரமா எழுதி வைங்க."

ஆணிகளில் இன்னும் ஏழு பைகள் தொங்கி நடுங்கிக்கொண்டிருந்தன. அக்கா ஒன்றைக் கழற்றினாள். டாக்டரின் கோட்டை விலக்கி, அவர் வயிற்றோடு அணைத்து வைத்து, மேலிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிட்டாள்.