கரட் கடைந்த லேத்

போன சனிக்கிழமை இங்கே டென்மார்க்கில், சில்க்போர்க் நகரில் ஒரு நண்பர் வீட்டில் இடியப்பம் தந்தார்கள். பூப்போல இருந்தது. சொதியிலும் குறை சொல்ல இடமில்லை. ஆனாலும் இரண்டாவது வாயிலேயே ஏதோ குறைவது போலிருந்தது. யோசித்துப் பார்த்தால், குறைந்தது மெசின் எண்ணெய் வாசம். நீங்கள் சிரிப்பீர்கள். முன்பு இக்காஸ்ட் ஊரில் சனிக்கிழமை தவறாமல் எண்ணெய்க் கையோடு இடியப்பம் தின்றவனுக்குச் சுத்தமான இடியப்பம் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும்.

அந்த எண்ணெய் குகன் அண்ணையுடைய லேத்தின் எண்ணெய். அவரும் நானும் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தோம். அவர் லேத்தில் நின்று இரும்பு கடைவார், நான் பெட்டி கட்டுவேன். தொழிற்சாலையை மூடியபோது எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. அவருக்கு ஒன்றும் சரிவரவில்லை. வேலை தேடித் தருகிற ஜொப்சென்டர் கணினி வகுப்புக்கு அனுப்பியது, போய் வந்து சோபாவில் குந்தினார். ஒரு காலத்தில் வாய் ஓயாத மனுசன், தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டால்கூடத் தலையை மட்டும் ஆட்டினார். அவருடைய மனைவி ராணி அக்கா எனக்கு ஃபோன் எடுத்தார்.

"தம்பி, சுவரோட குடும்பம் நடத்திற மாதிரிக் கிடக்கு. எனக்குப் பயமாக் கிடக்கு."

நான் போய் அரசியல் கதைத்தேன், கிரிக்கெட் கதைத்தேன். சுவர் அசையவில்லை. பிறகொரு நாள் அவரே என்னைக் கூப்பிட்டார். "ட்ரெயிலர் ஒண்டு எடுத்துக்கொண்டு வா" என்றார். மாதக்கணக்கில் நான் கேட்ட முதல் முழு வசனம் அதுதான்.

யாரோ ஒரு விவசாயியின் கொட்டிலில் கிடந்த பழைய லேத். எங்கள் இரண்டு பேரையும்விட வயது மூத்தது. கராஜிலிருந்து கார் வெளியே போனது, லேத் உள்ளே வந்தது. "புதிசு வாங்கலாமே" என்று அவருடைய மகள் டெனிஷில் சொன்னாள். அண்ணை அதைக் கேட்காதவர் போல மஞ்சளில் பிள்ளையார் பிடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு அத்திவாரக் கல் வைக்கிற முறை எல்லாம் லேத்துக்கும் நடந்தது. ஹேர்னிங் தமிழ்க்கடையில் வாங்கிய வெற்றிலையில் ஐந்து குரோனர் குற்றிக் காசை வைத்து, லேத்தின் ஒரு காலுக்குக் கீழே தள்ளினார். இரும்பைக் கவ்வுகிற சக்கில் தேசிக்காயும் செத்தல் மிளகாயும் தொங்கின. கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, நாலு காலையும் நிலத்தோடு போல்ட் போட்டு இறுக்கினோம். டோர்ச் பிடித்தவன் நான். அந்த மெசினோடு எனக்கிருந்த ஒரே தொழில்நுட்ப உறவு அதுதான்.

முதல் வேலை ராணி அக்காவின் இடியப்ப உரலுக்கு. மாவை அமத்தும் பித்தளை உருளை தேய்ந்து, மா மேலால் பிதுங்கிக்கொண்டிருந்தது. அண்ணை புதிதாக ஒன்று கடைந்தார். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. உரலுக்குள் விட்டு அமத்தினால் பாதியில் இறுகிக்கொண்டது. மா உள்ளே, உருளை உள்ளே. நான் உரலைப் பிடிக்க, அண்ணை உருளையை இழுக்க, இரண்டு பேரும் கராஜின் இரண்டு மூலையில் போய் விழுந்தோம். அளந்து பார்த்தால் ஒரு நுனி தடிப்பு, மறு நுனி மெல்லிசு.

"உருளை கேட்டால் கரட் செய்து தந்திருக்கிறியள்" என்றார் ராணி அக்கா.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் கரட்தான். சனிக்கிழமைகளில் ஊரே வந்தது. தொழிற்சாலையில் பெயாரிங்கைக் கண்ணாலும் காணாதவர்கள்கூட, "பழுது சத்தியமா பெயாரிங்தான்" என்றார்கள். மாற்றினோம், கரட். பெல்ட் என்றார்கள். மாற்றினோம், கரட். சாப்பிடாமல் மெசினைத் தொட ராணி அக்கா விடமாட்டார். சாப்பிட்ட பிறகு தொட எங்களால் முடியாது. மறு நுனியில் இரும்பைத் தாங்கும் பகுதியை அரை நித்திரையில் கழற்றிப் பூட்டினால், கொஞ்சம் பெரிய கரட். ஒன்று கதவுக்கு முட்டுக் கொடுத்தது. இன்னொன்றால் ராணி அக்கா உள்ளி குத்தினார். அண்ணையோ காலையிலிருந்து இரவுவரை கதைத்துக்கொண்டே இருந்தார்.

"பனி கொட்ட முதல் ஒரு நேரான உருளை வரவேணும். இல்லாட்டி கார் உள்ளுக்கு, உந்த மெசின் பழைய இரும்புக்கு" என்று எல்லோர் முன்னாலும் அக்கா அறிவித்தார். என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு வேறு கதை சொன்னார்.

"ஏதாவது செய்யுங்கோ தம்பி. தோத்துப்போனார் எண்டால் திரும்பச் சோபாதான். பிறகு என்னால ஏலாது."

ஐப்பசி முடியும் நேரம், பக்கத்து வீட்டு பென்ட் தன் தோட்டத்து ஆப்பிளோடு வந்தார். மெசினைச் சுற்றி வந்தவர், குனிந்து, "இந்தக் காலுக்குக் கீழே ஏன் ஒரு இலை?" என்று டெனிஷில் கேட்டார். அண்ணை பெருமையோடு, கடவுளுக்கு வைத்தது, காசும் இருக்கிறது என்றார். பென்ட் அந்தக் காலுக்கு அடியில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். பிறகு, உங்கள் கடவுள் இரண்டு மில்லிமீட்டர் தடிப்பு என்றார்.

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. ஒரு கால் காசில் உயர்ந்து நிற்க, நாலையும் நாங்களே போல்ட் போட்டு இறுக்கி, மெசினின் முதுகை முறுக்கி வைத்திருந்தோம். முறுகின முதுகோடு அது பாவம், கரட்டைத் தவிர வேறென்ன செய்யும்? நான் காசை எடுக்கப் போனேன். அண்ணை கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளையாருக்கு வைச்சதை எடுக்கிறதோ? விசரே உனக்கு?"

பென்ட் என் முகத்தைப் பார்த்தார். நான் டோர்ச்சைப் பார்த்தேன். தீர்ப்புச் சொன்னவர் ராணி அக்காதான்.

"எடுக்க வேண்டாம். மற்ற மூண்டு காலுக்கும் அதே போல வையுங்கோவன்."

வைத்தோம். மூன்று வெற்றிலை, மூன்று குற்றி, எல்லாம் ஒரே தடிப்பு. பென்ட் ரசமட்டம் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். அன்று கடைந்த உருளை உரலுக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கியது. எண்ணெய் வாசத்தோடு விழுந்த முதல் இடியப்பத்துக்கு எல்லோரும் கைதட்டினோம். எனக்குக் கண் கலங்கியது. வெங்காயம் என்று சொல்லிவைத்தேன். பனி கொட்டியபோதும் கார் வெளியில்தான் நின்றது. ராணி அக்கா காலையில் கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிவிட்டு வேலைக்குப் போனார்.

ஆனால் பழுதில்லாத மெசினைப் பார்க்க யார் வருவார்கள்? ஒருவர் வருவதை நிறுத்தினார், பிறகு இன்னொருவர். பென்ட் ஆப்பிளை வாசலில் வைத்துவிட்டுப் போனார். தை மாதம் அக்காவின் ஃபோன் வந்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, உம்மட வீட்டில ஏதாவது உடைஞ்சு கிடக்கோ?"

நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் சைக்கிளின் பின்சில்லைக் கழற்றி, அச்சை வளைத்து, கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குப் பிறகு விளக்கு, கதிரை, கதவுப் பிடி. அந்த வருடம் என் வீட்டில் ஒரு சாமானும் முழுதாக இருக்கவில்லை.

இப்போது அவர்கள் மகளுக்குப் பக்கமாக ஒடென்சேயில், மூன்றாம் மாடியில் இருக்கிறார்கள். லேத்தை யாரோ ஒரு இளைஞன் வாங்கிப் போனான். அந்தக் கூட்டமும் இல்லை. எனக்கும் எல்லாம் புதுச் சாமான்கள், திருகாணி எங்கே என்றே தெரியாதவை. நேற்று அண்ணைக்கு ஃபோன் எடுத்தேன். "என்ன அண்ணை செய்யிறியள்?" என்றேன்.

"சும்மா இருக்கிறன்."

பிறகு ஒன்றும் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. நான் அவசரமாக, "அண்ணை, இஞ்ச ஒரு சாமான் பழுதாப்போச்சு" என்றேன்.

"என்ன சாமான்?" என்றார். குரல் நிமிர்ந்தது.

ஃபோனைக் காதில் வைத்தபடி வீடு முழுக்க நடந்தேன். எல்லாம் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது.