அப்பா எடுத்து வைக்கச் சொன்ன பீஸ்

அப்பாவுக்கு இரைப்பையில் புற்றுநோய். அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள், வெட்டி எடுக்கும் கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குத் தர முடியுமா என்று டாக்டரம்மா கேட்டார். என் இடுப்பில் மூன்று வயது மகள். இது இவளுக்கும் வந்துவிடுமோ என்பதைத் தவிர எனக்கு வேறெதுவும் ஓடவில்லை.

"அதுல என்னங்க பாப்பீங்க?" என்றார் அப்பா.

"ஆர்.என்.ஏ.ன்னு ஒண்ணுங்க. அதுல சில வகை, புரதம் எதையும் உண்டாக்காது. ஆனா செல் எப்ப வளரணும், எப்ப நிக்கணும்கறதுல அதுக்குப் பங்கு உண்டு. அது கூடக்குறைய ஆனா, கட்டி நிக்காம வளரலாம்."

திருப்பூர் பனியன் கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசராக இருந்த அப்பா சிரித்துவிட்டார். "அப்ப அது நம்மாளுங்க. நானும் ஒரு பீஸ்கூட தெச்சதில்லீங்க. லைனை ஓட்டறதும் நிறுத்தறதும் நான்தானுங்க."

"இதனால அப்பாவுக்குக் குணமாகுமாங்க?" என்றேன்.

"இவருக்கு உதவாதுங்க. பின்னால வர்றவங்களுக்கு உதவலாம்."

வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஒவ்வொரு ஆர்டர்லயும் ஒரு பீஸ் எடுத்து வெக்கறோமில்ல கண்ணு? சரக்கு போன பொறவு குத்தம் வந்தா, அதை வெச்சுத்தான பாக்கறோம். எடுத்துக்கட்டும்."

அப்பா இப்போது இல்லை. மகள் வயிறு வலிக்கிறது என்றால் இன்றும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறேன். கோவிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்யும்போது, அந்தத் துண்டை வைத்துக்கொண்டு எங்கோ உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாதவர்களுக்காகவும் வேண்டிக்கொள்கிறேன்.