அத்தை வேண்டாம், வேறு யாராவது

அன்று காலை முழுக்க அத்தை வந்துகொண்டே இருந்தாள்.

தேர்வு அறைக்குள் போன ஒவ்வொருவரும் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மாலை ரயிலில் வந்து இறங்கினாள். கையில் சிவப்புப் பெட்டி. தலையில் தொப்பி. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. கதவின் இடுக்கு வழியே கசிந்து வந்த அந்தப் பிரெஞ்சு வாக்கியங்களைக் கேட்டு, வெளியே பெஞ்சில் இருந்தவர்களும் கூடவே உதட்டை அசைத்தார்கள். அத்தனை பேரும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள். அத்தனை பேருக்கும் ஒரே அத்தை!

பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த காஜாக்காவுக்கு மட்டும் உதடு அசையவில்லை.

பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் காஜா எடுப்பவள் அவள். சட்டைக்குப் பொத்தான் துளை போடும் மிஷினில் அவள் கால் வைத்தால் எறும்பு ஊர்கிற நேர்த்தியில் தையல் ஓடும். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. மற்றபடி கம்பெனிக்கும் தெருவுக்கும் அவள் காஜாக்காதான். காது கூசும் மிஷின் சத்தத்தில் வாயைத் திறந்து பயனில்லை என்பதால், பேச்சைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் தலையசைப்பிலேயே குடும்பம் நடத்தப் பழகியிருந்தாள்.

அப்படிப்பட்டவளுக்கு இன்று பேச்சுத் தேர்வு.

கணவர் கடல் கடந்து, பிரெஞ்சு பேசுகிற ஊர் ஒன்றில் ஓட்டல் சமையல்காரர். மனைவியையும் மகளையும் அங்கே அழைத்துக்கொள்ள அவருக்கு அனுமதி கிடைத்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை: வருகிற மனைவிக்கு அந்த மொழியை ஆரம்ப நிலையிலாவது பேசத் தெரிந்திருக்க வேண்டும். முதல் முறை தேர்வுக்குப் போனபோது அவள் வாயே திறக்காமல் நின்றுவிட்டுத் திரும்பினாள். இந்த முறையும் தவறினால் அனுமதி காலாவதியாகிவிடும். பிறகு எல்லாவற்றையும் அடியிலிருந்து தொடங்க வேண்டும். மகளுக்கு இப்போதே அப்பா என்றால் ஒரு குரல் மட்டும்தான். இன்னும் சில வருஷம் போனால் அந்தக் குரலும் தேய்ந்துவிடாதா?

"அக்கா, தண்ணி குடிங்க. முகமெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி இருக்கு" என்றாள் பக்கத்திலிருந்த நர்ஸ் பெண். வகுப்பில் அவளோடு படித்தவள், வாய் ஓயாதவள். "அத்தையை மட்டும் விட்டுடாதீங்க. அத்தை காப்பாத்துவா."

அதுதான் கப்பல் சாரின் வேதவாக்கு. டயர் கடைக்கு மேலே ஒற்றை அறையில் பிரெஞ்சு வகுப்பு நடத்தியவர் அவர். வாலிபத்தில் கப்பலில் பரிமாறும் வேலை பார்த்தபோது கற்ற மொழி, அதனால் அந்தப் பெயர். ஒரு பத்தியை எழுதிக் கொடுத்து, மனப்பாடம் செய்யச் சொல்லிவிடுவார்.

"என்ன கேட்டாலும் அத்தையைக் கூட்டிட்டு வந்துடுங்க. வீட்டைப் பத்திக் கேட்டா, அத்தை வந்து இறங்கின வீடு. துணியைப் பத்திக் கேட்டா, அத்தை போட்டுட்டு வந்த துணி. புரியுதா?"

"சார், மாட்டைப் பத்திக் கேட்டா?" என்றாள் நர்ஸ் பெண்.

"மாட்டைப் பிடிச்சு அத்தை கையில குடுத்துடு!"

வகுப்பே சிரித்தது. காஜாக்கா மட்டும் சிரிக்காமல் பத்தியைப் பார்த்தாள். அவளுக்கு அந்த அத்தை தெய்வம் மாதிரி. மிஷினில் கால் மிதிக்கும் தாளத்துக்கு அத்தையை இறக்கினாள். பாத்திரம் கழுவும்போது பெட்டியைத் தூக்கினாள். தூக்கத்தில்கூடத் தொப்பியைக் கழற்றி மாட்டினாள். இன்று அத்தை கச்சிதமாக வருவாள் என்று அவளுக்கே தெரியும்.

ஆனாலும் நெஞ்சில் ஒரு முள். காரணம் தேர்வு மட்டும் அல்ல.

காலையில் அவள் புறப்படும்போது நாத்தனார் வாசலில் நின்றாள். காஜாக்காவும் மகளும் குடியிருப்பது அந்த நாத்தனார் வீட்டின் பின்கட்டில்.

"போன தடவை மாதிரி மரமா நிக்காத. வாயிருக்கிற பிள்ளைதான் பிழைக்கும். நீ இப்படியே இருந்தா என் தம்பி அங்கேயே எவளையாவது பார்த்துக்குவான், ஆமா!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற சிரிப்பு.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். முந்தின நாள் கணவர் போனில் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. "முடியலைன்னா விடு. ஒண்ணும் குடி முழுகிடாது."

குடி முழுகாதா? யாருடைய குடி? அவருக்கு நாங்கள் வேண்டுமா, வேண்டாமா? இராத்திரியெல்லாம் இந்தக் கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை.

கதவு திறந்தது. பியூன் தலையை நீட்டி அவளை அழைத்தார்.

உள்ளே நீள மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர். குட்டையாக முடி வெட்டிய ஒரு பெண்மணி, அவர் பக்கத்தில் மதிப்பெண் போடும் மனிதர். பெண்மணி ஒரு படத்தை அவள் பக்கம் நகர்த்தினார். கதவு ஒன்று. வெளியே பெட்டியோடு ஓர் உருவம். யாரோ ஒருவர் வந்து சேர்வதைச் சொல்ல வேண்டும்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது! இதைத்தானே உருப்போட்டோம்? காஜாக்கா மூச்சை இழுத்துக்கொண்டு தொடங்கினாள்.

"மா தாந்த் அரீவ்..." என் அத்தை வருகிறாள்.

மனிதர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். பெண்மணி பேனாவைக் கீழே வைத்தார். கோபம் இல்லை. களைத்துப்போயிருந்தார்.

"நோன், மதாம். பா லா தாந்த்."

அத்தை வேண்டாமாம். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிதானமாக அவர் சொன்னது அவளுக்குப் புரிந்தது: காலையிலிருந்து இந்த அத்தை வந்தாயிற்று. வேறு யாராவது. உங்களுக்கு உண்மையில் தெரிந்த ஒருவர்.

அத்தை போனால் ரயில் போயிற்று. பெட்டி போயிற்று. மகிழ்ச்சி போயிற்று. இனி அவளிடம் என்ன இருக்கிறது? மேலே மின்விசிறி கிறீச்சிட்டது. போன முறை நின்ற அதே மௌனம், காலிலிருந்து ஏறி இடுப்புக்கு வந்து, தொண்டைக்கு வந்தது. மனிதரின் கை மதிப்பெண் தாளை நோக்கி நகர்வதைப் பார்த்தாள். அந்தப் பேனா முனை தாளைத் தொட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது. மகளின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"மோன் மாரி" என்றாள்.

என் கணவர். சொன்ன பிறகுதான் எதைத் தொட்டுவிட்டோம் என்று உறைத்தது. வில்லிலிருந்து போன அம்பு திரும்புமா? பேனா நின்றுவிட்டது. இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள்.

"என் கணவர் வருகிறார்" என்றாள், ஒவ்வொரு சொல்லையும் இருட்டில் தடவி எடுப்பதுபோல. "விமானத்தில் வருகிறார். மழை. அவரிடம் பெட்டி இருக்கிறது. பெரிய பெட்டி. எங்கள் மகள் கதவைத் திறக்கிறாள். அவள் சின்னவள். அவரைப் பார்க்கிறாள். 'அம்மா, ஒரு மிஸ்யே வந்திருக்கிறார்' என்கிறாள்."

அவர் விடுமுறையில் வந்த அன்று மகள் தமிழில் சொன்னது, "அம்மா, யாரோ ஒரு சார் வந்திருக்காரு." பெற்ற தகப்பனை! வருஷக்கணக்கில் காத்திருந்து, ஓடி வந்து நின்ற தகப்பனை!

பெண்மணி சற்று முன்னால் சாய்ந்தார். "பிறகு?"

"அவர் கதவருகே நிற்கிறார். உள்ளே வரவில்லை. பெட்டியை வைக்கிறார். போகிறார். மழையில் போகிறார்."

"பூர்க்குவா?" ஏன்?

ஏன்! இதே கேள்வியை அன்று தொட்டு அவள் எத்தனை முறை தனக்குத்தானே கேட்டிருக்கிறாள். அன்று வாசலில் நின்ற நாத்தனார் சொன்னாளே: "பார்த்தியா? என் தம்பிக்கு உள்ள வரவே மனசு வரல." சாயங்காலம் அவர் திரும்பி வந்தார், சாப்பிட்டார், விடுமுறை முடிந்து போனார். கேட்க அவளுக்குத் துணிவு இல்லை. அவரும் சொல்லவில்லை. யாராவது தமிழில் கேட்டிருந்தால், பயணக் களைப்பு, தலைவலி, ஏதோ அவசர வேலை என்று ஆயிரம் துணி சுற்றி மறைத்திருப்பாள். இந்த மொழியில் சுற்றுவதற்குத் துணி இல்லை.

"ஜெ ந சே பா" என்றாள். எனக்குத் தெரியவில்லை. பிறகு, கப்பல் சார் எப்போதோ சொல்லிக்கொடுத்து அவள் இதுவரை வாயால் சொல்லியே பார்க்காத ஒன்றையும் சொன்னாள். "ழே பெர்." எனக்குப் பயமாக இருக்கிறது.

பெண்மணி குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அவர் திரும்பி வருகிறாரா?"

"வருகிறார். மகளுக்குப் பொம்மை கொடுக்கிறார். மகள் பொம்மையை வாங்குகிறாள். கையைப் பிடிக்கவில்லை."

"மெர்சி, மதாம்."

வெளியே வந்தவளை நர்ஸ் பெண் பிடித்துக்கொண்டாள். "என்னக்கா, அத்தை ஒழுங்கா வந்தாளா?"

"வரல. அத்தையை விரட்டிட்டாங்க. நமக்குத் தெரிஞ்சவங்களைச் சொல்லணுமாம்."

"ஐயையோ! நான் யாரைக் கூட்டிட்டுப் போவேன்? எங்க வீட்டுக்கு வர்றது ஒரே ஒரு சித்தப்பா. வந்தா போகவே மாட்டார்!"

"வர்றதைத்தானே கேக்கிறாங்க, போறதையா கேக்கிறாங்க? போய்ச் சொல்லு."

நர்ஸ் பெண் சித்தப்பாவை நினைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். காஜாக்கா பெஞ்சில் உட்காராமல் சுவரில் சாய்ந்து நின்றாள். பிற்பகலில் பியூன் வெளியே வந்து ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார். அவளுடைய பெயர் வந்தபோது அது தன்னுடையதுதான் என்று புரிய ஒரு கணம் ஆயிற்று.

"நீங்க பாஸும்மா."

மாடிப்படித் திருப்பத்துக்குப் போய்க் கணவரை அழைத்தாள். பின்னணியில் பாத்திரங்கள் மோதும் ஓசை.

"என்னாச்சு?"

"பாஸ்."

மறுமுனையில் பேச்சே இல்லை. "ஏங்க, சந்தோஷமில்லையா?"

"இரு. அடுப்பைக் குறைச்சுட்டு வர்றேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். அடுப்பைக் குறைக்க இவ்வளவு நேரமா? கடைசியில் அவர் குரல் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அத்தை எப்படி, நல்லா வந்தாளா?" என்றார்.

"அத்தை வரல. நீங்கதான் வந்தீங்க. அன்னிக்கு மழையில வந்து வாசல்ல நின்னீங்களே, அதைச் சொன்னேன்."

"அதையா? அவங்ககிட்டயா?"

"ஏன் உள்ள வரலைன்னு கேட்டாங்க. தெரியாதுன்னு சொன்னேன். நிஜமாவே எனக்குத் தெரியாதுங்க. இப்பவாவது சொல்லிடுங்க. நாங்க அங்க வரணுமா, வேண்டாமா?"

பாத்திர ஓசை தூரமாயிற்று. எங்கோ ஒரு மூலைக்கு நகர்ந்துவிட்டார் போலிருக்கிறது.

"சாக்ஸ்ல ஓட்டை" என்றார்.

"என்னது?"

"ஷூவைக் கழட்டினா பெருவிரல் வெளிய வந்து நிக்கும். ரெண்டு கால்லயும். ஒருபக்கம் பாப்பா 'சார்'ங்குது. இன்னொருபக்கம் அக்கா, வெளிநாட்டுத் தம்பி வந்துட்டான்னு தெருவுக்கே கேக்கிற மாதிரி கூவுறா. அந்தக் காலோட எப்படி உள்ள வர்றது? கடைத்தெருவுக்குப் போய் சாக்ஸ் வாங்கி, கடை வாசல்லயே மாத்திக்கிட்டேன். அப்புறம் நனைஞ்சுபோன மூஞ்சியோட வர வெக்கமா இருந்துச்சு. சாயங்காலம் வரைக்கும் எங்கயோ சுத்தினேன்."

காஜாக்காவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகை. இரண்டையும் தள்ளிக்கொண்டு கோபம் முன்னால் வந்தது.

"இதுக்கா? இந்த ஒரு ஓட்டைக்கா இத்தனை வருஷமா என்னை வதைச்சீங்க? அப்புறம் நேத்து ஏன் 'முடியலைன்னா விடு'ன்னீங்க?"

"நான் எடுத்திருக்கிற வீட்டைப் பார்த்தா நீ என்ன நினைப்பியோன்னு பயம். எங்க அக்காவுக்கு என் வீடுன்னு அனுப்பின போட்டோ முதலாளி வீடு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேலை நேரத்தில் துணியை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பழுது தேடுகிறவளின் குரல் வந்தது அவளுக்கு.

"இன்னும் எங்கெங்க ஓட்டை இருக்கு? எல்லாத்தையும் இப்பவே சொல்லிடுங்க. ஒண்ணு மறைச்சீங்க, நான் விமானமே ஏற மாட்டேன்."

"லிஃப்ட் கிடையாது" என்று அவர் தயங்கித் தயங்கித் தொடங்கினார். "மேல் மாடி. குளியலறைச் சுவர்ல பூஞ்சை. பாப்பா ரூமுக்குக் கதவு சரியா மூடாது..."

"ம்" என்றாள் அவள். படியில் உட்கார்ந்துகொண்டாள். "அப்புறம்?"