லாரிகளை நிறுத்திய சிவப்புப் பாவாடை

தெருவைத் தாண்டுவதற்கெல்லாமா ஜெபம் என்று சிரிப்பவர்கள், சீசன் நேரத்தில் சிவகாசியில் எங்கள் பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்ததில்லை.

ஐம்பதுகளின் கடைசி அது. தீபாவளிக்கு முந்தைய மாதங்கள். நாரணாபுரம், விஸ்வநத்தம் பக்கமிருந்து பட்டாசு லோடு ஏற்றிய லாரிகள் எங்கள் தெரு வழியாகத்தான் விருதுநகருக்குப் பறக்கும். தெருவுக்கு இந்தப் பக்கம் வீடுகள், அந்தப் பக்கம் நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளிக்கூடம். ஒரு நாள் காலையில் என் வகுப்புச் செல்லக்கனியை லாரி தட்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது நான்தான். உயிர் பிழைத்தாள். கால் மட்டும் சரியாகக் கூடவில்லை.

வகுப்பில் பாதி இடம் காலியானது. செல்லக்கனியின் அம்மா என் முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

"பள்ளிக்கூடம் போயி காலை ஒடிச்சதுக்கு, வீட்டுல உக்காந்து தீப்பெட்டி ஒட்டியிருக்கலாம்ல டீச்சர்? இனி அனுப்ப மாட்டேன்."

நகராட்சி அதிகாரியிடம் போய் முறையிட்டேன். "சீசன் முடியட்டும்மா, பாப்போம்" என்றார். சீசன் முடிவதற்குள் என் பிள்ளைகள் எல்லாரும் தீப்பெட்டி ஒட்டப் போயிருப்பார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். "செங்கடலைப் பிளந்தவரே, இந்த ஒரு தெருவைத் திறந்துவிட உமக்கு மனமில்லையா?" என்று ஆண்டவரிடம் சண்டையே போட்டேன். நான் கொஞ்சம் வாய்க்காரிதான். அது அவருக்கும் தெரியும்.

ஒரு விடியற்காலை, முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டுக் கண்ணைத் திறந்தேன். எதிரே தையல் மெஷின்மேல் ஒரு சிவப்புக் கொடி. என் வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வெடிமருந்து இருக்கும் இடத்தில் கட்டுகிற கொடியை, கிழிசல் தைக்கக் கொண்டுவந்திருந்தார். அந்தக் கொடியைக் கண்டால் எங்கள் ஊரில் பீடி அணையும், வண்டி அப்படியே நிற்கும். ஆண்டவர் பதில் சொல்லிவிட்டார் என்று அதை எடுக்கக் கை நீட்டினேன்.

"கம்பெனிக் கொடியத் தொட்டுறாத, என் வேலை போயிரும்" என்று பதறினார் அவர். தொடவில்லை. என்னுடைய சிவப்புப் பாவாடையை வெட்டிக் கம்பில் கட்டினேன்.

அன்று பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரம், நடுத்தெருவில் போய் அதை உயர்த்திப் பிடித்தேன். வந்த லாரி கிறீச்சென்று நின்றது. டிரைவர் பீடியை மிதித்து அணைத்துவிட்டு ஒரே ஓட்டம். பின்னால் வந்த வண்டிகளும் நின்றன. கடைக்காரர்கள் அடுப்பை அணைத்துக் கதவைச் சாத்தினார்கள். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, என் பிள்ளைகள் சிரித்துப் பேசிக்கொண்டு ஆடி அசைந்து தெருவைத் தாண்டினார்கள். அந்த அழகை இன்று நினைத்தாலும் நெஞ்சு நிமிர்கிறது.

ஒன்றும் வெடிக்கவில்லை என்றதும் டிரைவர் திரும்பி வந்தார். "ஏ டீச்சரம்மா, மருந்து எங்கன இருக்கு?"

"இந்தா போகுதுல்ல, இதுதாங்க லோடு. இடிச்சுப் பாருங்க, ஊரே வெடிச்சிரும்."

அவர் பிள்ளைகளைப் பார்த்தார். கோபத்தோடு வந்தவர் திரும்பிப் போய் வண்டியில் ஏறினார். அடுத்த நாள், நான் கொடியைத் தூக்குமுன்பே அவர் லாரி நின்றது.

அதிகாரி என்னைக் கூப்பிட்டனுப்பினார். "ஊரையே பயமுறுத்திட்டீகளே, இதை எப்ப நிறுத்தப் போறீக?"

"சீசன் முடியட்டும் சார், பாப்போம்" என்றேன்.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் தாமே வாசலில் வந்து நின்று பார்த்தார். அந்த மாதமே எங்கள் வாசலில் வெள்ளைக்கோடு போட்டார்கள். காலையும் மாலையும் ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார். அவர் வராத நாளில் கொடி என் கையில். அதன்பின் அந்த இடத்தில் ஒரு பிள்ளைக்கும் கீறல்கூட விழவில்லை. ஸ்தோத்திரம்!

நான் பெருமை பேசுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். என் ஆண்டவரைப் பற்றிய பெருமை அது. நீங்களும் அவரிடம் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள். கேட்டுவிட்டு, கண்ணைத் திறந்து சுற்றிலும் பாருங்கள்.

செல்லக்கனியை அவள் அம்மாவே மறுபடி கூட்டிவந்து விட்டாள். அந்தப் பிள்ளை வளர்ந்து, ஆசிரியப் பயிற்சி முடித்து, இந்த வருடம் எங்கள் பள்ளியிலேயே டீச்சராகச் சேர்ந்திருக்கிறாள். நேற்று போலீஸ்காரர் வரவில்லை. கொடியை எடுக்கப் போனேன், மாட்டிவைக்கிற ஆணியில் காணோம். வாசலுக்கு ஓடிப் பார்த்தால், விந்தி விந்தி நடந்து நடுத்தெருவுக்குப் போய், செல்லக்கனி கொடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். லாரிகள் வரிசையாக நின்றன.