மாரீஸ்வரி சுட்ட பலகை மீன்

மாரீஸ்வரிக்குக் கொரோனாக் காய்ச்சல் வந்து போனபோது, கூடவே வாசனையும் போனது. எல்லோருக்கும் அப்படித்தான், கொஞ்ச நாளில் திரும்பிவிடும் என்றார்கள். அவள் கணவர் முத்துராமனுக்குத் திரும்பியது. பக்கத்து வீட்டு தேவிகாவுக்கும் திரும்பியது. மாரீஸ்வரிக்கு மட்டும் திரும்பவில்லை. "வந்துருச்சா, வந்துருச்சா" என்று முத்துராமன் கேட்டுக்கொண்டே இருந்ததில் சலித்துப்போய், ஒருநாள் "வந்துருச்சு" என்று சொல்லிவைத்தாள். அதன்பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அவள் மறைத்ததற்கு வேறு காரணமும் இருந்தது. அப்போது அவள் காரைக்குடியில் பலகாரம் போட்டு விற்கும் ஓரிடத்தில் எண்ணெய்ச் சட்டிக்கு நின்றுகொண்டிருந்தாள். எண்ணெய் காறத் தொடங்குவதையும் தேன்குழல் வெந்துவிட்டதையும் மூக்குதான் அவளுக்குச் சொல்லும். அது போனபின் சட்டி முன்னால் நிற்பதே பயமாகிவிட்டது. ஒருதடவை ஒரு ஈடு சீடையை அப்படியே காறல் எண்ணெயில் போட்டு எடுத்துவிட்டாள். முதலாளி ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துத் துப்பினார். மறுவாரம் முட்டிவலி என்று சொல்லி அவளே வேலையை விட்டு நின்றுகொண்டாள்.

வீட்டில் கண்ணையும் காதையும் வைத்துச் சமாளித்தாள். பால் பொங்கும் சத்தம் தெரியும். மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், விரலால் அமுக்கிப் பார்ப்பாள். கேஸ் அடுப்புதான் பயம். திருகை மூடிவிட்டுக் கூடத்துக்கு வருவாள், மறுபடி போய்த் தொட்டுப் பார்ப்பாள். "மூடுனதயே எத்தன தடவ பாப்ப" என்று முத்துராமன் சிரிப்பார். அவளும் சிரித்துவைப்பாள்.

மருமகள் சண்முகப்ரியா உண்டானதும் இந்தப் பயம் இரண்டு மடங்கானது. மகன் இளமாறன் திருச்சியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான், சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவான். மற்ற நாட்களில் மாமியாரும் மருமகளும்தான். சண்முகப்ரியாவுக்கு எண்ணெய் வாசம் ஆகவில்லை. கடுகு தாளித்தால் போதும், வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடிவிடுவாள். சோப்பு வாசம் ஆகவில்லை, மல்லிகைப்பூ ஆகவில்லை. எந்த வாசம் அவளை இப்படிப் படுத்துகிறது என்று மாரீஸ்வரிக்குத் தெரியாது. அடுப்பில் எதை வைத்தாலும் மருமகள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். மாதாமாதம் எடை கூடவேண்டியவள் இளைத்துக்கொண்டு வந்தாள். சுகாதார நிலையத்து நர்ஸ், "வீட்டுல சோறு போடுறாகளா இல்லையா?" என்று கேட்டது மாரீஸ்வரியின் காதில் விழுந்தது.

ஒருநாள் சண்முகப்ரியா செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தவள், "இங்க பாருங்கத்தை" என்று நீட்டினாள். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் மரப்பலகை மேல் மீனை வைத்து, பலகையோடு நெருப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். எண்ணெய்ச் சட்டியே இல்லை.

"இப்புடின்னா நான் தின்னுருவேன்னு நெனைக்கிறேன்" என்றாள்.

வீட்டில் பலகைக்குப் பஞ்சமில்லை. முத்துராமன் மரவாடியில் மேஸ்திரி. அறுத்துப்போட்ட துண்டுகளை விறகுக்கென்று கொண்டுவந்து கொல்லையில் அடுக்கிவைப்பார். "வேம்பு கசக்கும், தேக்கு வேண்டாம். மாம்பலகைதான் இதுக்குச் சரி" என்று அவரே இரண்டு துண்டை எடுத்து இழைத்துக் கொடுத்தார்.

மாரீஸ்வரி பலகையை அண்டாத் தண்ணீரில் அமுக்கி, மேலே கல்லைத் தூக்கிவைத்து ஊறவிட்டாள். தொண்டியிலிருந்து வந்த சங்கரா மீனைக் கீறி, மிளகு, சோம்பு, பூண்டு, சின்ன வெங்காயத்தை அம்மியில் அரைத்து, புளித்தண்ணீர் விட்டுப் பிசைந்து தடவினாள். கொல்லையில் கரி அடுப்பு. அதன்மேல் கம்பிவலை, வலைமேல் பலகை, பலகைமேல் மீன், எல்லாவற்றையும் மூடி ஒரு இட்லிக் கொப்பரை மூடி. பலகையின் அடிப்பக்கம் கருகிப் புகைந்தது. மேலே ஊறியிருந்த ஈரம் ஆவியாகி மீனை வேகவைத்தது. மீன் தோல் சிவந்து, முள்ளை விட்டு விலகியது.

சண்முகப்ரியா முதல் வாயை எடுத்துவைத்து மெல்ல மென்றாள். மாரீஸ்வரி அவள் முகத்தையே பார்த்தாள்.

"வயிறு பொரட்டலத்தை" என்றாள் சண்முகப்ரியா. அன்று முழு மீனையும் தின்றாள்.

அதன்பிறகு மீன்காரர் வரும் நாளெல்லாம் பலகை ஊறியது. மருமகள் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. மாரீஸ்வரிக்கும் பழைய தெம்பு எட்டிப் பார்த்தது. மாம்பலகை இரண்டு தடவை அடுப்பில் ஏறினால் கரியாகிவிடும். முத்துராமன் வேறு கொண்டுவந்து போடுவார்.

அந்த வியாழக்கிழமை மாம்பலகை ஒன்றுகூட மிச்சமில்லை. மீனோ வாங்கியாகிவிட்டது. கொல்லையில் இருந்த கொட்டகையின் சுவரில் இரண்டு பலகைகள் புதிதாகச் சாத்தியிருந்ததை மாரீஸ்வரி பார்த்தாள். அளவு சரியாக இருந்தது, அவர்தான் கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்று எடுத்து ஊறப்போட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது தண்ணீர்மேல் எண்ணெய் மாதிரி ஒரு மினுமினுப்பு படர்ந்திருந்தது. அவள் ஒரு நிமிடம் நின்றாள். குனிந்து மூக்கைக் கிட்டக் கொண்டுபோனாள். ஒன்றும் தெரியவில்லை. அவளுக்கு எதுதான் தெரிந்தது? மரப்பிசினாக இருக்கும் என்று தண்ணீரை மாற்றி ஊற்றினாள்.

சாப்பிடும்போது சண்முகப்ரியா மூக்கைச் சுளித்தாள். ஆனால் அவள் எதற்குத்தான் சுளிக்கவில்லை?

"நல்லா இருக்காத்தா?"

"நல்லா இருக்குத்தை."

நாலைந்து வாய் தின்றுவிட்டு, வயிறு நிறைந்துவிட்டது என்று தட்டைத் தள்ளிவைத்தாள். வீணாக்குவானேன் என்று மாரீஸ்வரி தன் மீனோடு அதையும் சேர்த்துத் தின்றாள்.

முத்துராமன் சாப்பாட்டுக்கு வந்தபோது மணி மூன்றிருக்கும். கொல்லைப்பக்கமாக உள்ளே நுழைந்தவர் அடுப்பின் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"என்னத்த எரிச்ச? தெருமுக்கு வரைக்கும் மருந்து நாத்தம் அடிக்குது."

"மீன் சுட்டேங்க."

"எந்தப் பலகையில?"

அவள் கொட்டகைச் சுவரைக் காட்டினாள். முத்துராமனின் முகம் மாறியது.

"அது கொட்டகைக்கு முட்டுக் குடுக்கக் கொண்டாந்தது மாரி. கரையான் மருந்து அடிச்ச பலகை. காயட்டும்னு சாத்தி வச்சேன். கிட்டப் போனாலே கொடலப் பொரட்டுமே, ஒனக்குத் தெரியலையா?"

"தெரியாதுங்க."

"தெரியாதுன்னா?"

"எனக்கு வாசமே தெரியாது. அப்பப் போனது இன்னும் வரல. வந்துருச்சுன்னு ஒங்ககிட்டப் பொய் சொன்னேன்."

முத்துராமன் அவளையே பார்த்தார். கோபப்படக்கூட அப்போது நேரமில்லை. "பிரியா தின்னுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

ஆட்டோ வருவதற்குள் அவர் கருகிய பலகையைச் சாக்கில் சுற்றிக்கொண்டார். மரவாடிக்குப் போன்போட்டு மருந்து டின்னின் மேலிருந்த பெயரைக் கேட்டு வாங்கினார். சண்முகப்ரியா வயிற்றில் கையை வைத்தபடி ஆட்டோவில் உட்கார்ந்திருந்தாள். மாரீஸ்வரி அவள் முழங்கையைப் பிடித்திருந்தாள். "வலிக்குதா? மயக்கமா வருதா?" என்று கேட்கக் கேட்க மருமகள் இல்லையென்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நம்பவும் முடியவில்லை.

மருத்துவமனையில் டாக்டரம்மா மருந்தின் பெயரைப் படித்ததும் சண்முகப்ரியாவை உள்ளே கூட்டிப்போனார். கதவு சாத்தப்பட்டது. மாரீஸ்வரி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்தத் தண்ணீரின் மினுமினுப்புதான் கண்முன் நின்றது. அப்போதே கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்து, 'மோந்து பாரு தேவிகா' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் என்பாள், சொல்லவேண்டி வரும் என்றுதானே கேட்கவில்லை.

வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. விழுங்க விழுங்க ஊறியது. ரவிக்கை வியர்வையில் நனைந்துவிட்டது, விரல்கள் நடுங்கின. பயத்தில்தான் இப்படி என்று நினைத்து முந்தானையால் துடைத்துக்கொண்டாள். ஏதோ கேட்க வெளியே வந்த நர்ஸ் அவளைப் பார்த்து நின்றாள்.

"நீங்களும் சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"எவ்வளவு?"

"என் மீனும், அந்தப்புள்ள மிச்சம் வச்சதும்."

முத்துராமன் திரும்பிப் பார்த்தார். அதுவரை யாருக்கும், அவளுக்கே கூட, அது தோன்றவில்லை. எழுந்திருக்கப் போனவளுக்குக் கால் நிற்கவில்லை.

அவளுக்கு நினைவு திரும்பியபோது கையில் ஊசி ஏறியிருந்தது. ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. பக்கத்துக் கட்டிலில் சண்முகப்ரியா ஒருக்களித்துப் படுத்து இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புள்ள?" என்றாள் மாரீஸ்வரி.

"நெஞ்சுத் துடிப்பு வச்சுக் காட்டுனாகத்தை. தையல் மிஷினு ஓடுற மாதிரி கேட்டுச்சு. இப்போதைக்குப் பயமில்ல, ரெண்டுநாள் இருக்கட்டும்னாக. ஒங்களுக்குத்தான் உடம்புல கூட ஏறிருச்சாம்."

மாரீஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். இப்போதைக்கு என்ற சொல் நெஞ்சில் உறுத்தியது.

"மாமா சொன்னாக" என்றாள் சண்முகப்ரியா. "ஒங்களுக்கு வாசம் தெரியாதாமே."

"ஆமாத்தா."

"எனக்கு நாத்தம் அடிச்சுச்சுத்தை. தட்டுல வச்சப்பவே மண்ணெண்ணெ மாதிரி. ஆனா மூணு மாசமா எனக்கு எல்லாமே நாறுது. குடிக்கிற தண்ணி நாறுது. என் மூக்குதான் கெட்டுப்போச்சு, நீங்க பாத்துப் பாத்துச் செய்யிறீக, வேண்டாம்னா மனசு நோவீகன்னு தின்னேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேத்தா."

"நீங்களுந்தான்."

அதில் கோபமில்லை.

இளமாறன் திருச்சியிலிருந்து பஸ் பிடித்து, விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்து சேர்ந்தான். அப்பாவிடம் சத்தம் போட்டான். "மருந்தடிச்ச பலகைய வெறகுக்குப் பக்கத்துலயா வைப்பீக? வீட்டுல ஆளுககிட்டச் சொல்ல மாட்டீகளா?" முத்துராமன், "ஏந் தப்புதாம்ப்பா, ஏந் தப்புதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மாவின் கட்டிலருகே வந்து அவள் காலைப் பிடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

இருவரும் வீடு திரும்பிய மறுநாள் ஆத்தங்குடியிலிருந்து சண்முகப்ரியாவின் அம்மா மீனம்மாள் வந்தாள். முகம் கோணாமல்தான் பேசினாள். "கொஞ்சநாளு எங்க வீட்டுல இருக்கட்டும் மதினி. நீங்களும் தேறணுமில்ல" என்றாள். வளைகாப்புக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. மாரீஸ்வரி மறுக்கவில்லை, மறுக்கும் இடத்தில் அவள் இல்லை. மருமகளின் துணிகளை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தாள்.

அதன்பிறகு வந்த மாதங்கள் அவளுக்கு நகரவே இல்லை. தினமும் சாயங்காலம் போன் செய்வாள். "அசையுதா?" என்பதுதான் முதல் கேள்வி. ஒவ்வொரு ஸ்கேன் அன்றும் காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் பல்லில் படாது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னதாக இளமாறன் சொல்வான். "நல்லா இருக்குன்னு சொன்னாகளா, இப்போதைக்கு நல்லா இருக்குன்னு சொன்னாகளா?" என்று அவள் திருப்பிக் கேட்பாள்.

நடுவில் அவன் அவளை மதுரைக்கு ஒரு காது மூக்கு டாக்டரிடம் கூட்டிப்போனான். கிராம்பையும் எலுமிச்சையையும் காலையும் மாலையும் முகர்ந்து பழகச் சொன்னார்கள். வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். மாரீஸ்வரி முகர்ந்துவந்தாள். பக்கத்து வீட்டு தேவிகாவிடம் அவளே போய் விஷயத்தைச் சொன்னாள். அதிலிருந்து சந்தேகமாக இருக்கும் பாலையும் மாவையும் மதில் வழியாக நீட்டி, "இது எப்புடி இருக்குன்னு பாரு" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. தேவிகாவும் முகர்ந்துவிட்டு, நல்லது கெட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவாள்.

ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது. மீனம்மாள் துணியில் சுற்றி நீட்டியபோது மாரீஸ்வரி உடனே வாங்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து, மறுபடி ஒருதடவை கழுவிவிட்டு வந்து வாங்கினாள். குழந்தையின் மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு உச்சந்தலையில் மூக்கை வைத்தாள்.

"என்ன வாசம்த்தா அடிக்குது?" என்று கட்டிலில் கிடந்த மருமகளைக் கேட்டாள்.

சண்முகப்ரியா எட்டி முகர்ந்து பார்த்தாள்.

"மோரு புளிச்ச மாதிரி இருக்குத்தை. பால் கக்கியிருக்கா. கழுத்துக்குக் கீழ தொடச்சு விடுங்க."

மாரீஸ்வரி ஈரத்துணியை எடுத்து, கழுத்து மடிப்பை மெல்ல விரித்துத் துடைத்தாள்.