மேஸ்திரி வராத சிறுநீரகம்

மகளின் இடது விலாவுக்குக் கீழே இருந்த கட்டியை முதலில் தொட்டது என் மாமியாரின் கைதான். சோப்பு நுரையில் வழுக்கிப் போன கை அங்கே நின்றுவிட்டது. குழந்தைக்கு வலியில்லை. தண்ணீரை அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சிறுநீரகத்தில் புற்று என்றார்கள். மாமியார் உடனே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார். நான்தான். வயிற்றில் பிள்ளையோடு ஏழாம் மாதம் வரை செல்போன் கம்பெனியில், ஈயம் பற்றவைக்கும் புகையில் நின்றவள் அல்லவா? "ஓ.டி. காசுக்கு ஆசப்பட்டு எம் பேத்திய நோயாளி ஆக்கிட்டா" என்று எங்கள் ஊர் வடக்குப்பட்டு முழுக்கச் சொன்னார். நானும் சும்மா இருக்கவில்லை, கன்னாபின்னாவென்று திட்டினேன். ஆனால் மனசுக்குள் நானும் அதையேதான் நம்பினேன். அறுவை செய்து அந்தச் சிறுநீரகத்தை எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். நான் விடுப்பில் இருந்தேன். "அப்டியே வேலைய வுட்டுடு" என்றார் மாமியார். விட்டுவிடலாம் என்றுதான் நானும் இருந்தேன்.

ஒருநாள் மாமியார் டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டார். "இவ கம்பெனிக்குப் போனதாலதான வந்துச்சு?"

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். கருவில் சிறுநீரகம் உருவாகும்போது செல்கள் மளமளவென்று பெருகும். நேரம் வந்ததும் பெருகுவதை நிறுத்தி, சிறுநீரகமாக முதிர வேண்டும். கட்டி வளராமல் தடுக்கும் மரபணுக்கள் அதற்குத்தான் இருக்கின்றன. அவற்றைச் சரியான நேரத்தில் முடுக்கிவிடுவது சில புரதங்கள். அங்கே பிசகினால் சில செல்கள் முதிராமலே தங்கி, பிறந்த பிறகும் பெருகிக்கொண்டிருக்கும்.

மாமியார் சித்தாள் வேலை பார்த்தவர். "அப்ப மேஸ்திரி வரல. ஆளுங்க நிறுத்தாம கட்டிக்கினே கீறாங்க."

டாக்டரம்மா சிரித்தார். "கிட்டத்தட்ட அதான்மா."

"மேஸ்திரிய வரவுடாம பண்ணது யாரு? இவளா?"

"யாரும் இல்லம்மா. தானா நடந்த பிசகு. இவங்க வேலைக்குப் போனதால வந்துச்சுன்னு சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல."

மாமியாருக்குப் பெரிய ஏமாற்றம். திட்டுவதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. வீடு திரும்பினோம். வாசலில் பக்கத்து வீட்டுக்காரி, "கம்பெனிப் பொகைதானாமே?" என்று இழுத்தாள்.

"நீ இன்னா டாக்டரா? மேஸ்திரி வராததுக்கு எம் மருமவ இன்னாடி பண்ணுவா? போய் உன் வூட்டுச் சோத்தப் பாரு!"

புகைக் கதையைப் பரப்பியவரே அவர்தான்.

மகள் இன்று ஒற்றைச் சிறுநீரகத்தோடு என் தோளுக்கு மேல் வளர்ந்து நிற்கிறாள். குளிக்கப் போனால் கதவைத் தாழிட்டுக்கொள்கிறாள். மாமியார் என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்டதில்லை. கேட்கிற ஜென்மமும் இல்லை. ஆனால் அப்போது, சிகிச்சை முடிந்த மறுவாரம் ஒரு காலையில், என் மடியிலிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டார்.

"இன்னும் இன்னா கொஞ்சிக்கினு கீற? கம்பெனி பஸ்ஸு வந்துடும். கெளம்புடி, நான் பாத்துக்கறேன்."